பாய்மரப் படகுச் சங்கத்தில் குடும்பத்தோடு சேரலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஏற்காடு ஏரியில் படகில் சென்று வந்த நாளிலிருந்து, பாய்மரப் படகு ஓட்டக் கற்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் நச்சரிக்கிறார்கள். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 14. குடும்பமாகச் சேரக்கூடிய சங்கம் எங்கே இருக்கிறது? சொந்தப் படகு வேண்டுமா? தண்ணீர் என்றாலே பயப்படும் நான் அதில் சேர்ந்து என்ன செய்வது?"

முதலில் ஏற்காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் இருப்பவை மிதிபடகும் துடுப்புப் படகும் மோட்டார் படகும்தாம். பாய்மரம் பழகுவதற்கு அந்த ஏரி ஏற்றதும் அன்று. சுற்றிலும் குன்றும் மரங்களும் மறிப்பதால், காற்று ஒரே திசையில் நிலைத்து வீசாமல் விட்டுவிட்டும் திசை மாறியும் வரும், புதிதாகக் கற்பவருக்குப் பாயை எந்தப் பக்கம் இழுப்பது என்றே பிடிபடாது. மேட்டூர் அணையில் பரந்த நீர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பயிற்றுநரும் மீட்புப் படகும் இல்லாத எந்த நீர்த்தேக்கத்திலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளைகளை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே சென்னையைத்தான் நாட வேண்டும். 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கமும் அங்கே உள்ளன. ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவை வாரந்தோறும் கடப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கோடை விடுமுறைப் பயிற்சி முகாமிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன், இப்படிப்பட்ட கோடை முகாம் ஒன்றில்தான் இதைத் தொடங்கினார். கடற்கரையே இல்லாத வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டிருக்கிறார். எனவே சேலத்துக்காரர் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

சொந்தப் படகு வேண்டாம். படகுகளைச் சங்கமே வாங்கி வைத்து, உறுப்பினர்கள் முறை வைத்து ஓட்டிவிட்டு, கழுவிப் பழுது பார்த்து அடுத்தவருக்கு விடுவதுதான் பொதுச் சங்கங்களின் வழக்கம். மகளுக்கு ஏற்றது ஆப்டிமிஸ்ட் என்னும் சிறு படகு. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்த அதன் நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு; ஒற்றைப் பாய், ஓட்டுவதும் ஒரே ஆள். ஆனால் ஆப்டிமிஸ்ட் போட்டிகளில் 15 வயது வரைதான் கலந்துகொள்ள முடியும் என்பதால், மகனை நேரடியாக அடுத்த அளவுப் படகில் பழக்குவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கம் குடும்பங்களுக்கு ஏற்றதா என்பதைக் கட்டண அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் படகில் இருக்கும் நேரம் முழுவதும் மீட்புப் படகு இயந்திரத்தோடு தயாராக நிற்கிறதா, அவரவர் உடல் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி தரப்படுகிறதா, கவிழ்ந்த படகை நிமிர்த்துவதை முதல் நாட்களிலேயே வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். சிறு படகு கவிழ்வது விபத்தன்று, பாடத்தின் ஒரு பகுதி. படகின் நடுவே அடிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் மீது எடையைப் போட்டு அழுத்தினால் அது நிமிர்ந்துவிடும். "எங்களிடம் படகே கவிழாது" என்று பெருமை பேசும் இடத்தை நான் நம்ப மாட்டேன். உயிர்காப்பு அங்கி இருக்கிறதே என்று நீச்சலைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சேலத்திலேயே ஒரு நீச்சல் குளத்தில் மூவரும் இப்போதே சேர்ந்துவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, சகோதரி. சங்கத்தில் படகு ஓட்டுவதைத் தவிர வேறு வேலைகளும் உண்டு. பந்தயம் தொடங்குவதற்கு 5, 4, 1 நிமிடங்களுக்கு முன் சைகை கொடுத்துக் கொடிகளை ஏற்றி இறக்க வேண்டும். வந்து சேரும் படகுகளின் எண்களை வரிசை பிசகாமல் குறிக்க வேண்டும். எத்தனை பேர் நீரில் இறங்கினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். இவற்றுள் பலவற்றை நீரில் கால் வைக்காத பெற்றோரும் செய்யலாம். எனவே சேருவதற்கு முன், "எனக்கு என்ன வேலை தருவீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள், காத்திருக்க நிழலில் நாற்காலி இருக்கிறது என்று மட்டும் பதில் வந்தால், வேறு சங்கத்தையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.