சந்தேகங்களுக்கு விளக்கம்: பட்டப்படிப்பா, கைத்தொழிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் சேரும் அளவுக்கு மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) தேறிய மகன், எலக்ட்ரீஷியனாகப் போகிறேன் என்று உறுதியாக நிற்கிறான். தகப்பனாரோ, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருவான் என்று நம்பியிருந்தவர், மனம் உடைந்து போயிருக்கிறார். மகனை எந்த வழியில் விடுவது என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

அம்மா, உங்கள் கணவரின் வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 1860-இல் தொடங்கி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்த நமக்கு, கைவேலை என்பது விரும்பி ஏற்றதாக இருந்ததில்லை. நிறவெறி ஆட்சியின் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், இன்ன வேலை இன்ன இனத்தாருக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தையே அரசுக்குக் கொடுத்தது. நல்ல தொழில்களின் கதவு அப்படி அடைபட்டிருந்த காலத்தில், ஆசிரியராகவோ மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆவதுதான் தலைநிமிர வழி என்று பெரியவர்கள் கண்டது நியாயமே. ஆனாலும், 1890-இல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து இறங்கிய எம். எல். சுல்தான், பின்னாளில் தம் செல்வத்தை அள்ளிக் கொடுத்தது டர்பனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குத்தான் என்பதை உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள்.

எலக்ட்ரீஷியன் வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்பவர்கள் அந்த வேலையை அருகில் நின்று பார்த்ததில்லை. இங்கே ஒரு வீடு கைமாறும்போது மின் இணைப்புக்கான தகுதிச் சான்றிதழ் தேவை. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய சான்றிதழ் அப்போது செல்லாது. தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர்தான் அதில் கையெழுத்திட முடியும். அவர் மின்சாரத்தை நிறுத்தி, டிபி போர்டை (வீட்டுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியை) திறந்து, 500 வோல்ட் கருவியால் கம்பிகளின் இன்சுலேஷனைச் சோதித்து, அதன் மின்தடை ஒரு மெகாஓமுக்குக் குறையவில்லை என்று உறுதி செய்கிறார். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்ததோடு விடாமல், 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் அது இணைப்பைத் துண்டிக்கிறதா என்றும் அளந்து பார்க்கிறார். அந்த எண்களில் ஒன்றைப் பொய்யாக எழுதினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகலாம். அவ்வளவு பொறுப்பு அந்தக் கையெழுத்துக்கு உண்டு.

இனி, என் மனத்தில் உள்ள முக்கியமான எச்சரிக்கைக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பலர் டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரியில் என்4, என்5, என்6 என்ற படிநிலைகளைத் தாளில் தேறிவிட்டு, எந்தப் பட்டறையிலும் கால் வைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. என்6 முடித்த பொறியியல் மாணவனுக்கு 24 மாத வேலை அனுபவம் இருந்தால்தான் டிப்ளோமாவே கிடைக்கும். ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேறி, ரெட் சீல் என்னும் கைவினைஞர் சான்றிதழ் பெறுவதற்கும் பணியிடப் பயிற்சி வேண்டும். ஆகவே கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால், பதிவு செய்த ஒப்பந்தத்தோடு தம்பியை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளும் முதலாளியைத் தேடுங்கள். கட்டணம் கேட்கும் எந்த நிறுவனத்திடமும், ‘பணியிடம் யார் தருவார், எழுத்தில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். அப்ரண்டிஸாகச் சேர்பவனுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு என்பதால், வீட்டின் மீது கடன் சுமையும் ஏறாது.

பட்டப்படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவம், கணக்காய்வு, சட்டம் போன்றவற்றுக்கு வேறு வழி கிடையாது. மின் அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளராக வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு உள்ளூர இருந்தால், இப்போதே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். இன்ன துறை என்ற எண்ணமே இல்லாமல், உறவினர்களுக்குச் சொல்லிக்கொள்வதற்காக ஏதோ ஒரு பட்டத்தில் சேர்ப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று: அவன் மெட்ரிக்கில் எடுத்தது கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் எளிய பாடமான மேத்ஸ் லிட்ரசியா என்று நீங்கள் எழுதவில்லை. மின்சாரத் தொழிலுக்குப் பெரும்பாலும் முழுக் கணிதத்தைத்தான் கேட்பார்கள்; பொறியியல் பட்டத்துக்கு அது கட்டாயம். மேத்ஸ் லிட்ரசியாக இருந்தால், விண்ணப்பம் போடுமுன் கணிதத் தாளைத் தனியாக எழுதித் தேறிக்கொள்ளச் சொல்லுங்கள்.