பூனைக்கண்ணின் தாய்

(மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பார் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த பொங்கல் பட்டிமன்றத்தில், ‘மறைக்கின்றன’ அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களுக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்திருக்கும் காப்பார் மக்களுக்கும் என் வணக்கம்.

“தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் வம்சத்தை வைத்து நம் பிள்ளைகள் இணையத்தில் எழுதும் காதல் கதைகள் நம் அடையாளத்தை மீட்கின்றனவா, மறைக்கின்றனவா?” இதுதான் தலைப்பு. மறைக்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று கேட்டார். “துரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையை எந்தச் சரித்திரம் எழுதியது? கைப்பேசியில் எழுதுகிற இந்தப் பிள்ளைகள்தானே அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள்?” மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஒப்பவில்லை.

படிக்காமல் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு மாதமாக, அடுப்படி வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து இந்தக் கதைகளைப் படித்தேன். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே தடத்தில்தான் போகின்றன. கோலாலம்பூரில் வேலை பார்க்கிற ஒரு பெண். அவளுக்குக் கண் மட்டும் சாம்பல் நிறம். பாட்டி இறந்ததும் தகரப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே தொப்பி போட்ட வெள்ளைக்காரரின் படம். அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. பங்களாப் படிக்கட்டு, மழை, தலையில் மல்லிகைச் சரம், குடை பிடிக்கிற சின்ன துரை. பிறகு ஸ்காட்லாந்திலிருந்து துரையின் பேரனோ கொள்ளுப் பேரனோ வருகிறான், இவளைக் கைப்பிடிக்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் கண்ணாடி முன் நின்று, “நான் யாரென்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது” என்கிறாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, நடுவர் அவர்களே. அவள் தெரிந்துகொண்டது தாத்தாவை. பாட்டியை? எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார், எந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தார், ஒரு நாளைக்கு எத்தனை ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்? ஒரு வரி இல்லை. பாட்டிக்கு அழகைக் கொடுத்திருக்கிறார்கள், கண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள். வேலையைக் கொடுக்கவில்லை.

அந்த வேலையை நான் சொல்கிறேன். இங்கே முன்வரிசையில் இருக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டும். வேலை வாங்குகிற தண்டல் பேர் கூப்பிடுவார், கணக்கு எழுதுகிற கிராணி செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் குறிப்பார். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்கு ஓட வேண்டும். படுக்கிற வீடு தோட்டத்துடையது. காய்ச்சலுக்கு மருந்து தருகிற ஆஸ்பத்திரி தோட்டத்துடையது. பேர் வெட்டிவிட்டால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பேரை வெட்டவும் சேர்க்கவும் அதிகாரம் யாருக்கு? துரைக்கு. அந்தத் துரை “வா” என்று கூப்பிட்டால், “மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் எங்கே போய் நிற்பாள்? மாட்டேன் என்று சொல்ல முடிகிறவள் சரி என்று சொன்னால் அதைக் காதல் என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

நானாக இட்டுக்கட்டிச் சொல்வதாக எதிரணி நினைக்க வேண்டாம். நம் ஆட்களே இதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே? இதே கிள்ளான் வட்டாரத்தில். எப்போது? 1941-இல், ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதம் முன்னால்.

அந்த ஆண்டு நம் தோட்டத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆர். எச். நாதன் என்ற தலைவர் முன்னின்று நடத்தியது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்கிறார்கள். கள்ளுக்கடையை மூடு என்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர் தோட்டத்துக்குள் எங்களைப் பார்க்க வரட்டும் என்கிறார்கள். துரையையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது, இனி இறங்காமல் போக விடு என்கிறார்கள்.

அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பியர்களும், அவர்களைப் போல் அதிகாரம் செய்கிறவர்களும் எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்த வேண்டும்.

இதை முதல் தடவை படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூலிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், சைக்கிளுக்குப் பக்கத்தில் இதையும் வைத்திருக்கிறார்கள். எத்தனை வீட்டில் நடந்திருந்தால், வெளியே சொல்லக் கூசுகிற ஒன்றைப் பொதுக் கோரிக்கையாக வைத்திருப்பார்கள்! அதற்குக் கிடைத்த பதில் என்ன? மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள். அப்படி உயிரைக் கொடுத்துப் பதிய வைத்த ஒன்றின் மேல்தான், நடுவர் அவர்களே, இன்றைக்கு மல்லிகைச் சரமும் மழையும் போட்டு மூடுகிறோம்.

எதிரணித் தம்பி அடையாளம் என்றார். சரி, அதையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆங்கிலோ இந்தியரைச் சட்டைக்காரர் என்பார்கள். இங்கே கலப்பு வழியில் வந்தவர்களை மலாய்க்காரர்கள் செரானி என்கிறார்கள். இந்திய அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும்போது தகப்பன் வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும் என்கிறது. தாய் யார் என்று அது கேட்கவே இல்லை. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 13-ஆம் பிரிவு: மணமாகாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுத வேண்டுமானால், அந்த ஆள் “நான்தான்” என்று ஒப்புக்கொண்டு, தாயும் அவரும் சேர்ந்து கேட்க வேண்டும். எந்தத் துரை வந்து கேட்டிருப்பார்? தகப்பன் பெயர் கொடுத்த பிள்ளைக்கு ஒரு சமூகம் கிடைத்தது. கொடுக்காத பிள்ளை லயத்திலேயே ‘பூனைக்கண்ணு’ என்ற பட்டப்பெயரோடு வளர்ந்தது.

தேயிலைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வட இந்தியாவில் காலிம்போங் மலையில் 1900-இல் கிரகாம் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒரு விடுதி தொடங்கினார். தேயிலைத் துரைகளுக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் வளர்த்தார்கள். 1908 முதல் 1938 வரை அவர்களில் 130 பேரை நியூசிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் பிழைப்பும் கிடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மலையடிவாரத்தில் நின்ற தாய்களுக்கு என்ன கிடைத்தது? துரையின் பிள்ளை என்று நிமிரும்போதெல்லாம் தாய் விட்டுப்போகிறாள். நம் கதைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

எல்லாத் துரையும் கெட்டவர், ஓர் இடத்தில்கூட அன்பு இருந்ததில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இருந்திருக்கலாம். அப்படி ஓர் அன்பு இருந்திருந்தாலும் அவளை அவர் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க முடியாது, அவள் வீட்டு வாசலில் அவர் ஊரறிய உட்கார்ந்திருக்கவும் முடியாது. அதை எழுதினால்கூட நான் வாயை மூடிக்கொள்வேன்.

என் பாட்டியின் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்குப் பூனைக்கண்ணோடு ஓர் ஆண்பிள்ளை. ஐந்து வயதில் தோட்டத்துக் காரில் ஏற்றி எங்கோ ஓர் அனாதை மடத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளை திரும்பவில்லை. அவர் அதற்குப் பிறகும் அதே தோட்டத்தில் மரம் வெட்டினார். துரையின் கார் சத்தம் கேட்டால் கையில் உளியோடு மரத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாராம். கார் போகும்வரை திரும்ப மாட்டாராம். என் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த அக்காவின் பெயரை இந்த மேடையில் நான் சொல்லவில்லை. அவர் வழி வந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

என் அண்ணன் மகளும் இந்த மாதிரி கதை எழுதுகிறவள்தான். இதைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, “அந்தத் துரை பேரு என்ன அத்தை?” எனக்குத் தெரியாது என்றேன். “பெரிய பாட்டி பேரு?” என்று கேட்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னேன்.

முந்தாநாள் ராத்திரி புதிதாக எழுதத் தொடங்கிய பக்கத்தை எனக்கு அனுப்பினாள். “அதுவும் இணையக் கதைதானே, மீட்கிறதே!” என்று எதிரணி கேட்கலாம். தலைப்பில் இருப்பது காதல் கதை. இவள் எழுதுவது அது இல்லை. அதில் துரை இல்லை, பங்களா இல்லை. கார் சத்தம் வருகிறது, ஒரு பெண் மரத்தின் அந்தப் பக்கம் போய் நிற்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.