கடலோரத்து வெள்ளைக் கோயில்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தியை அண்மையில் நம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப் போனேன். பாடாங் கோத்தாவில் கொஞ்ச நேரம் கடற்காற்று வாங்கிவிட்டு லெபோ பர்குவார் பக்கம் நடந்தோம். மரங்களுக்கு நடுவே செயின்ட் ஜார்ஜ் ஆலயம் தெரிந்ததும் சித்தி அப்படியே நின்றுவிட்டார். "டேய், இது எங்க கத்தீட்ரல் ரோட்டுக் கோயில் மாதிரியே இருக்கே!"

சித்தியின் கண் தப்பவில்லை. சென்னையில் 1815இல் கட்டிய பேராலயத்தை மாதிரியாக வைத்துத்தான் கேப்டன் ராபர்ட் ஸ்மித் இதற்குப் படம் வரைந்தார். 1818இல் வேலை முடிந்தது. மெட்ராஸ் வீடுகளைப் போலத் தட்டையான கூரைதான் முதலில் போட்டார்கள். நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு அது ஒத்துவரவில்லை. 1864இல் சரிவுக் கூரை வந்தது.

உள்ளே சுவரெல்லாம் சலவைக்கல் பலகைகள். வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்களைச் சித்தி ஒவ்வொன்றாக வாசித்தார். வெளியே, பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்கு 1886இல் எழுப்பிய மண்டபம். சரி, கட்டியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகள். அவர்களில் ஒருவர் பெயர்கூட என் கண்ணில் படவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1802இல் தூத்துக்குடியிலிருந்து 70க்கும் மேற்பட்ட சிவகங்கைச் சீமைப் போராளிகளைப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது சின்னப் பையன். சின்ன மருதுவிடம் வளரி என்ற வளைதடியை எறியக் கற்றுக்கொண்ட வெள்ளைக்கார அதிகாரி வெல்ஷ், 1818இல் இதே தீவில் துரைசாமியைப் பார்த்தார். ஆள் உருக்குலைந்து கிழவரைப் போல இருந்தாராம். துரைசாமி இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது. ஆனால் இந்தத் தூண்கள் எழுந்து நின்ற அதே வருஷம் அவர் இந்தத் தீவில் இருந்தார்.

இதைச் சொன்னதும் சித்தி பலகைகளை வாசிப்பதை விட்டுவிட்டு வாசல் தூணருகே வந்தார். உள்ளங்கையை அதில் வைத்தார். வெயில் ஏறியிருந்தும் தூண் சில்லென்றுதான் இருந்தது. அப்புறம், "தூத்துக்குடி எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார். மேற்கே கை காட்டினேன்.