நம் வீட்டுக் கதை அடுத்த வீட்டில் இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"குடும்ப வரலாறு துலங்குவது தனித் தேடலிலா, ஊர் கூடிய தேடலிலா?" என்பது இன்றைய தலைப்பு. ஊர் கூடிய தேடலில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நாலு பேர் சேர்ந்தால் ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான், வேலை நடக்காது என்றார். ஊர் கூடினால் புளுகு பெருகும், ஆளாளுக்கு ராஜ வம்சம் என்பார்கள் என்றார். கடைசியாக, நதிமூலம் ரிஷிமூலத்தை ஊர் நடுவில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். தட்டியவர்களில் நானும் ஒருவன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, அதிலிருந்த கணக்குதான் உதைக்கிறது.

அவர் பெருமையாகச் சொன்ன ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்தேன், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பத்து நிமிடத்தில் என் பூட்டனாரின் பெயர் கிடைத்துவிட்டது" என்றார். சந்தோஷம். ஆனால் பெயரைத் தட்டியதும் பதில் வந்ததே, அந்தப் பதிலை அங்கே யார் வைத்தது? பழைய பதிவேடுகள் எல்லாம் கையெழுத்தில் இருப்பவை. அவற்றைப் படம் பிடித்துப் போட்டால் அது வெறும் படம். அண்மைக் காலம் வரை, யாரோ ஒருவர் அந்தக் கிறுக்கலை எழுத்துக்கூட்டிப் படித்து, தட்டச்சு செய்து ஏற்றியிருந்தால்தான் நம் தேடலில் அது சிக்கும். அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை, 72 ஆண்டு ரகசியக் காலம் முடிந்து 2012 ஏப்ரலில் வெளியிட்டார்கள். அதில் 13 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். அத்தனையையும் தட்டச்சு செய்து முடிக்க எத்தனை மாதம் ஆனது தெரியுமா? நான்கைந்து மாதம்தான். செய்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், 1,60,000 பேருக்கும் மேல். இங்கிலாந்திலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அட்டவணைகளை 1998 முதல் இப்படித்தான் தொண்டர்கள் ஏற்றி வருகிறார்கள். எதிரணித் தலைவர் சொன்ன ஆண்டிகள் மடத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். அந்த மடத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் "நான் தனியாகத் தேடினேன்" என்கிறார்!

சரி, கணக்கு உதைக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4 பேர், அதற்கும் மேலே 8 பேர். பத்துத் தலைமுறை ஏறினால் 1,024 இடங்கள். இருபது தலைமுறை ஏறினால் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பதில் 107 கோடி. முப்பது தலைமுறைக்கு முன் இந்த உலகத்தின் மொத்த மக்கள்தொகையே 50 கோடியைத் தொடவில்லை. அப்படியானால் மீதிப் பேர் எங்கே? ஒரே ஆள் நம் வம்ச மரத்தில் பல கிளைகளில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் மரத்திலும் அவரே உட்கார்ந்திருக்கிறார். என் குடும்பம் தனி, உன் குடும்பம் தனி என்று வேலி போடுவதெல்லாம் சில தலைமுறை வரைக்கும்தான்.

ஐஸ்லாந்தில் இது ஒரு நடைமுறைப் பிரச்சினையாகவே இருந்தது. மூன்றேகால் லட்சம் பேர் இருந்த தீவு, எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். நாட்டு மக்களின் வம்சாவளியை ஏற்கெனவே ஒரே தரவுத்தளத்தில் தொகுத்து வைத்திருந்தார்கள். 2013-ல் அதை வைத்து ஒரு கைபேசிச் செயலி வந்தது. இரண்டு பேர் கைபேசிகளை லேசாக முட்டினால் போதும், எத்தனை நெருங்கிய உறவு என்று அது சொல்லிவிடும். காதலைச் சொல்வதற்கு முன்னால் கைபேசியை முட்டிக்கொள்ள வேண்டியதுதான். தனியாக ஒருவர் எதில் போய் முட்டுவார், நடுவர் அவர்களே? சுவரில்தான்.

இதே கணக்கு மரபணுச் சோதனைக்கும் பொருந்தும். "குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினேன், எல்லாம் தெரிந்துவிட்டது" என்பவர்களைப் பார்க்கிறோம். அந்த அறிக்கையில் உருப்படியான பகுதி எது? யார் யாரோடு நம் மரபணு பொருந்துகிறது என்ற பட்டியல். அந்தப் பட்டியல் முழுக்க அடுத்தவர்கள். உடன்பிறந்த அக்காவும் தம்பியும்கூட பெற்றோரிடமிருந்து ஒரே பாதியை வாங்குவதில்லை, வேறு வேறு பாதி. ஐந்து தலைமுறைக்கு மேலே உள்ள தாத்தா பாட்டியைப் பொதுவாகக் கொண்ட ஒன்றுவிட்ட உறவுக்குப் போனால், கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பொதுவான துண்டே இருக்காது. அண்ணன், அத்தை, பெரியப்பா பிள்ளை என்று பலரும் துப்பினால்தான் உருவம் தெரியும்.

அடுத்து, "காகிதம் பொய் சொல்லாது" என்றார் எதிரணித் தலைவர். பொய் சொல்லாமல் இருக்கலாம். பல நேரம் அது வாயையே திறக்காது. 1850-லும் 1860-லும் அமெரிக்க அரசு அடிமைகளைக் கணக்கெடுத்தது. எசமானின் பெயரை எழுதினார்கள். அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாகக் குறித்தார்கள். அடிமைகளின் பெயர் அநேகமாக எங்கும் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு கணக்கில் ஏறியது 1870-ல்தான். இன்று அவர்களுடைய வாரிசு ஒருவர் தனியாக உட்கார்ந்து அந்தப் பழைய பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும், "பெண், 24 வயது" என்பதற்கு மேல் எதுவும் வராது. அந்தப் பெண்ணின் பெயர் எசமான் வீட்டு உயிலில் இருக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருக்கலாம். விடுதலைக்குப் பின் யார் பக்கத்தில் யார் குடியேறினார்கள் என்பதில் அவளுடைய சொந்தம் தெரியலாம். விடுதலை பெற்றவர்களுக்காக அரசு நடத்திய அமைப்பின் ஏடுகளை 2015-16-ல் 25,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் சேர்ந்து படித்து, ஏறக்குறைய 18 லட்சம் பெயர்களை வெளியே எடுத்தார்கள். அங்கேயும் ஊர்தான் கூடியிருக்கிறது.

காகிதமே இல்லாமல் போனால்? டப்ளினில் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. ஏழு நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. நூறு ஆண்டு கழித்து 2022-ல் அதை இணையத்தில் மீண்டும் எழுப்பினார்கள். எரிந்ததை எப்படி எழுப்புவது? எப்போதோ எவரோ எடுத்து வைத்த நகல்களை மற்ற காப்பகங்களிலும் நூலகங்களிலும் தேடி ஒன்று சேர்த்துத்தான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்த சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. கேப்டவுன் நகரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி. பல இனத்தாரும் பல மதத்தாரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11 அன்று இனி அது வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000 பேரைக் கிளப்பி, நகரத்துக்கு வெளியே மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். ஒரே தெருவில் இருந்த குடும்பங்கள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின.

1994 டிசம்பரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் அந்தப் பகுதிக்காக அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட அவர்களிடம் பெரிதாக எதுவும் கிடையாது. தரையில் அந்தப் பகுதியின் தெரு வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வைத்தார்கள். பழைய குடியிருப்பாளர்கள் வந்தார்கள், குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடினார்கள், பெயரை எழுதினார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பெயரை எழுதினார். கடை இருந்த முனையை ஒருவர் குறித்தார், பேருந்து நின்ற இடத்தை இன்னொருவர் குறித்தார். பெயர்ப்பலகைகள் என்ன ஆயின தெரியுமா? இடிப்பு வேலையில் இருந்த ஒரு மேற்பார்வையாளர், தூக்கி எறியச் சொன்ன தெருப் பலகைகளை எறியாமல் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகள். இடித்தவர் வீட்டில் இருந்தது இடிந்தவர்களின் விலாசம்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் சொந்தக்காரர் பெயர் இருக்கும், வாடகைக்காரர் பெயர் இருக்காது. எதிரணித் தலைவர் அங்கே பிறந்திருந்து, யாரையும் கேட்காமல், காகிதத்தை மட்டும் நம்பித் தேடியிருந்தால், தன் குடும்பம் அங்கே வாழவே இல்லை என்ற முடிவுக்குக்கூட வந்திருப்பார்.

கடல் கடந்தவர்கள் கதையும் இதுதான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து இப்படி 1,52,000 பேர் போனார்கள். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே கிராமம் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். தனியாகத் தேடுபவர் அந்த எழுத்தைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதே கப்பலில் வந்த இன்னொருவரின் பேத்தி, "எங்கள் பாட்டி அந்த ஊர்ப் பெயரை இப்படித்தான் சொல்வாள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும். கப்பலில் ஒன்றாக வந்தவர்கள் அண்ணன் தம்பி முறை கொண்டாடியது பல தீவுகளில் நடந்திருக்கிறது. உறவுமுறையைக் கடல் நடுவில் உண்டாக்கிக்கொண்டவர்களின் வரலாற்றை ரத்த உறவை மட்டும் பிடித்துக்கொண்டு எப்படி எழுதுவது?

புளுகு விஷயத்துக்கு வருகிறேன். ஊர் நினைவில் ஓட்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வாய்மொழி வரலாற்றை ஆராய்ந்த ஜான் வன்சினா இதைத் தெளிவாகவே சொன்னார். அண்மைத் தலைமுறைகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள், ஆதித் தோற்றத்தைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள், நடுவில் ஒரு பள்ளம் கிடக்கும். அந்தப் பள்ளத்தில்தான் ராஜாக்கள் முளைக்கிறார்கள். ஆனால் புளுகைத் தொழிலாகவே செய்தவர்கள் யார்? குஸ்தாவ் அன்ஜு என்று ஒருவர். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பணக்காரர்கள் தனித்தனியாக அவரிடம் வந்து பணம் கொடுப்பார்கள், அவர் அவர்களுக்கு உயர்ந்த வம்சாவளியைச் சோடித்துக் கொடுப்பார். அந்தப் போலிகள் வெகுகாலம் உண்மை போலவே உலவின. வாங்கியவர் அதை ஒரு கூட்டத்தில் வைத்துப் படித்திருந்தால், "உங்கள் கொள்ளுத்தாத்தாவா? எங்கள் தாத்தாவோடு சேர்ந்து செங்கல் சுமந்தவராயிற்றே" என்று ஒரு குரல் வந்திருக்கும்.

ஊரே சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னால்? சொல்லும். சிலரை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லும். அதனால்தான், மேடையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்பதற்கு ஊர் கூடிய தேடல் என்று பெயரில்லை என்கிறேன். கடைசித் தெருவில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும், வெளியூருக்குப் போனவர்களைக் கேட்க வேண்டும், கல்யாணமாகிப் போன பெண்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். வம்ச மரத்தில் பாதி பெண்கள். பல நாடுகளில் திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடும், பதிவில் அவர்கள் தடம் அறுந்துபோகும். அந்தத் தடத்தின் மறுமுனை இன்னொரு குடும்பத்தின் கையில் இருக்கிறது.

ரகசியம் என்றார்கள். அது நியாயமான பயம்தான். 2018-ல் கலிபோர்னியாவில், பல பத்தாண்டுகள் பிடிபடாத தொடர் கொலைகாரர் ஒருவரைப் போலீஸ் பிடித்தது எப்படி? தூரத்து உறவினர்கள் பொதுத் தளத்தில் போட்டு வைத்திருந்த மரபணுத் தகவலை வைத்து. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து தனியாகப் பதிவேற்றினாலும் உறவு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது, நடுவர் அவர்களே. தனியாகத் தேடுபவர் அவர்களில் யாரிடம் அனுமதி கேட்டார்? கூடிச் செய்தால், உயிரோடு இருப்பவர்கள் விவரத்தை மறைப்போம், இந்தப் பெயரை இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று பேசி முடிவெடுக்க எதிரில் ஆளாவது இருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் வீட்டில் பெயர் எழுதாத பழைய குழுப்படம் ஒன்று நிச்சயம் இருக்கும். பின்வரிசையில் நிற்கும் அந்தப் பெண் யாரென்று உங்களுக்கும் தெரியாது, எந்தத் தேடல் தளத்துக்கும் தெரியாது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.