பங்கின் கணக்கில் ஏழைக்கு எத்தனையாவது வரி?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

எளிமை, படைப்பைப் பேணுதல், ஏழைகளோடு தோழமை: ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தின், வாழ்வில் இந்த மூன்றுக்கும் என்ன இடம் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மூன்றைப் பற்றியும் மறையுரைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். பங்கு நிதிக்குழுவில் பல ஆண்டுகள் பணிசெய்த அனுபவத்தில், நான் ஆண்டு வரவுசெலவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பங்கு எதை முக்கியமென்று நினைக்கிறது என்பதை அந்தக் கணக்கைப் படித்தே சொல்லிவிடலாம்.

திருப்பலி முடிவில் கணக்கு வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். மின்கட்டணம், ஒலிபெருக்கி பழுதுபார்ப்பு, வர்ணப்பூச்சு, பூ அலங்காரம், விழாச் செலவு, அச்சுக்கூலி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். முடியப்போகிற இடத்தில் ‘ஏழைகளுக்கு உதவி’ என்று ஒரு வரி வரும். அதற்கும் கீழே ‘இதர செலவுகள்’. எல்லாச் செலவும் போக மிஞ்சியதுதான் அந்த வரிக்குக் கிடைக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படி எழுதுவதில்லை. போன ஆண்டு எழுதியதைப் பார்த்து இந்த ஆண்டும் எழுதுகிறோம். கேட்பாரும் இல்லை, ஏனென்றால் அந்த வரி வாசிக்கப்படும் நேரத்தில் பாதிப் பேர் வாசலுக்குப் போய்விட்டிருப்பார்கள்.

காணிக்கை என்பது தொடக்கத்தில் எதற்காக எடுக்கப்பட்டது? இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியிருக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணை என்று இன்றைய திருப்பலியின் அமைப்பை அப்படியே அதில் காணலாம். காணிக்கையும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது சபைத் தலைவரிடம் சேர்கிறது. அவர் அதைக்கொண்டு அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் ஆகியோரைப் பராமரிக்கிறார். யுஸ்தின் சொல்லும் கணக்கு அவ்வளவுதான். ஆலயக் கட்டடங்களே இல்லாத காலம் அது என்பது உண்மை. இன்று கூரைக்கும் விளக்குக்கும் செலவு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் முதல் வரியாக இருந்தது எப்படிக் கடைசி வரியானது என்று நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயமான மறுப்பு எழும். இறைவனுக்குரிய இடம் அழகாக இருக்க வேண்டாமா? பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடியில் ஊற்றியபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு அல்லவா? மிகச் சரி. ஒற்றை அறையில் குடும்பமே முடங்கிக் கிடக்கும் ஒருவருக்கு, வந்து அமைதியாக உட்கார உயரமான, தூய்மையான, அழகான ஓர் இடம் ஆலயம் மட்டும்தான். அந்த அழகை அவரிடமிருந்து பறிக்கச் சொல்லும் எளிமை எனக்கு வேண்டாம். நான் கேள்வி கேட்பது அழகைப் பற்றி அல்ல, பகட்டைப் பற்றி. நன்றாக இருக்கும் தரையைப் பெயர்த்துவிட்டுப் பக்கத்துப் பங்கைவிடப் பளபளப்பான கல் பதிப்பது பகட்டு. இருக்கைகளிலும் மின்விசிறிகளிலும் கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பதும் பகட்டுதான். இருக்கையின் முதுகில் ஒரு குடும்பத்தின் பெயர் பொறித்திருந்தால், பெயர் பொறிக்க வசதியில்லாதவர் அதில் எந்த உரிமையோடு உட்காருவார்? பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடம், கந்தல் உடுத்தியவருக்கு நிற்கும் இடம் என்று பிரித்த சபையைத் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் யாக்கோபு கண்டிக்கிறார். அந்தக் கண்டனம் நம் பெயர்ப்பலகைகளுக்கும் பொருந்தும்.

நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயராக (மறைமாவட்டத் தலைவராக) இருந்த புனித அம்புரோஸ், போர்க் கைதிகளை மீட்கத் திருப்பாத்திரங்களையே உருக்கினார். குறை சொன்னவர்களுக்கு அவர் தயங்காமல் பதில் எழுதினார்: திருச்சபையிடம் பொன் இருப்பது சேர்த்து வைக்க அல்ல, தேவையில் இருப்பவர்களுக்குச் செலவிட. ஏதோ பழங்காலத்துக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சமூகச் சுற்றுமடலில் (திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதத்தில்) இதே மரபை நினைவூட்டுகிறார். தேவையில் இருப்போர் கண்முன் நிற்கும்போது, ஆலயத்தின் மிகையான அலங்காரங்களுக்கும் விலையுயர்ந்த வழிபாட்டுப் பொருள்களுக்கும் முன்னுரிமை தர முடியாது, அவற்றை விற்று உதவுவது கடமையாகவும் ஆகலாம் என்கிறார். திருத்தந்தையின் சுற்றுமடலில் உள்ளதைப் பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப்பேரவையில் சொன்னால் புரட்சிக்காரர் என்று பார்க்கிறார்கள்.

இனி படைப்பைப் பற்றி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. கிணறு வற்றினால் தண்ணீரை விலைகொடுத்து வாங்க முடிந்தவருக்கு அது ஒரு செலவு. முடியாதவருக்கு அது பள்ளிக்குப் போகாமல் குடத்தோடு நிற்கும் மகள். வெயில் கூடினால் வெட்டவெளியில் கூலிவேலை செய்பவரின் உடம்பில்தான் அது முதலில் தெரியும். குப்பை மலைபோல் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆகவே பங்கு விழாவில் ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் குவளைகளை வாங்குவதா, கழுவிப் பயன்படுத்தும் குவளைகளை வாங்குவதா என்பது சின்ன விஷயம் அல்ல. எறிந்ததை மறுநாள் காலையில் குனிந்து பொறுக்குபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், அது ஏழைகளைப் பற்றிய கேள்வி என்பது புரியும்.

அந்தச் சுற்றுமடலின் 211-ஆம் பத்தி பெரிய தத்துவம் எதுவும் பேசுவதில்லை. பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் குறைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, உண்ணும் அளவுக்கு மட்டும் சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது, மரம் நடுவது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல் சொல்கிறது. பங்கு என்பது பெரிய கூரையும் பெரிய வளாகமும் உள்ள ஒரு வீடு. கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது, ஆளில்லா மண்டபத்தில் எத்தனை விளக்குகள் எரிகின்றன, பழைய இருக்கைகளைப் பழுதுபார்க்க முடியுமா, திருப்பலிக்கு நடந்து வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் வாசலில் பாதுகாப்பான இடம் உண்டா என்று பார்த்தாலே பல ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது. வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் 2008-ஆம் ஆண்டிலேயே, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2,000-க்கும் மேற்பட்ட சூரிய மின்தகடுகளைப் பொருத்தினார்கள். எல்லாப் பங்குகளுக்கும் அது இயலாது. ஆனால் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’ கொண்டாடும் பங்கு, அந்த நாள்களில் ஒரு மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மற்ற மாதங்களில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டுவிடுவது மனதுக்கு வேதனையாக இருக்கிறது. நடுவதைவிடப் பராமரிப்பவர் யார் என்று முடிவுசெய்வதே முக்கியம்.

எளிமையும் படைப்பும் ஏழையும் ஒரே முடிவில் சந்திக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு சான்று உண்டு. 1965 நவம்பர் 16 அன்று, உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, ஏறக்குறைய 40 ஆயர்கள் உரோமையின் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடித் திருப்பலி நிறைவேற்றினார்கள். வீடு, உணவு, பயணம் ஆகியவற்றில் சாதாரண மக்களைப் போலவே வாழ்வோம், பகட்டான ஆடைகளையும் பட்டங்களையும் விடுவோம், எங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கமாட்டோம், நிதி நிர்வாகத்தை இயன்றவரை தகுதியுள்ள பொதுநிலையினரிடம் (குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகளிடம்) ஒப்படைப்போம் என்று உறுதியெடுத்துக் கையெழுத்திட்டார்கள். 2019 அக்டோபர் 20 அன்று, அமேசான் பகுதிக்காக உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பங்கேற்றவர்கள் பலர் அதே கல்லறையில் கூடி அந்த உறுதிமொழியைப் புதுப்பித்தார்கள். இந்த முறை குப்பையைக் குறைப்பது, பிளாஸ்டிக்கைக் குறைப்பது, இயன்றபோது பொதுப் போக்குவரத்தில் செல்வது ஆகியவையும் அதில் சேர்ந்தன. ஆயர்கள் பேருந்தில் போவதை உறுதிமொழியாக எழுதும்போது, பங்கு அளவில் நமக்குக் கூச்சம் எதற்கு?

தோழமை என்ற சொல்லுக்கு வருகிறேன். கொடுப்பது வேறு, தோழமை வேறு. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுகிறது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? சபையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் பங்குப்பேரவைகளில் அந்தத் தரப்பு இருக்கிறதா? கூலிவேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் பேரவைக்கு ஒருமுறை வீட்டுவேலை செய்யும் ஒரு தாய் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. உதவிப் பொருள் வழங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது மெதுவாகக் கேட்டார்: “மறைக்கல்வி முடியிற நேரத்துலதான் குடுக்கணுமா, சாமி? நான் வரிசையில நிக்கிறப்ப என் பிள்ளையோட சேந்து படிக்கிற பிள்ளைங்க பாக்குதுங்க. அன்னைக்கு முழுக்க அவன் என்கூடப் பேசமாட்டேங்குறான்.” அறையே அமைதியானது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்போது மண்டபம் திறந்திருக்கும் என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு வரிசையே இல்லை. அன்பியங்களின், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களின், பொறுப்பாளர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், உட்கார்ந்து பேசிவிட்டும் வருகிறார்கள்.

இது புதிய வழியும் அல்ல. 1833-இல் பாரிசில், இருபது வயது மாணவர் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் அடிப்படையே இல்லச் சந்திப்புதான். ஏழைகளின் குடியிருப்புகளை நன்கு அறிந்திருந்த அருள்சகோதரி ரோசலி ரெந்து அவர்களுக்கு வழிகாட்டினார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் கூரை ஒழுகுவது தெரியும், மருந்துச்சீட்டு வாங்கப்படாமல் கிடப்பது தெரியும்.

கடைசியாக, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பங்கிலேயே வேலை செய்பவர்களை. ஆலயத்தைக் கூட்டுபவர், ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, காவலாளி, தோட்டவேலை செய்பவர், சமையல் செய்பவர். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் உழைப்பாளிகளின் நியாயமான ஊதியத்தைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு முதன்மைக் காரணம் அந்தச் சுற்றுமடல்தான் என்று 2025 மே மாதம் கர்தினால்களிடம் சொன்னார். ஆனால் பங்கில் வேலை செய்பவருக்கு ஊதியம் பேசும்போது மட்டும், ‘இது இறைப்பணி’ என்ற சொல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. விளக்கு அலங்காரம் செய்பவரிடமோ ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவரிடமோ அந்தச் சொல்லை நாம் சொல்வதில்லை. ஆலயத்தைக் கூட்டும் பெண்ணுக்கு வாழப் போதுமான ஊதியம், வார விடுமுறை, நோய் வந்தால் மருத்துவச் செலவு, முதுமைக்கு ஒரு சேமிப்பு ஆகியவற்றைத் தராமல், தவக்காலத்தில் அவருக்கே ஒரு உதவிப் பை கொடுப்பது எனக்குச் சகிக்கவில்லை. அது அவருக்கு உரியதை மறுத்துவிட்டு அவரிடம் நன்றியை எதிர்பார்ப்பதாகும்.

விசுவாசிகள் கொடுத்ததைப் பற்றிய கணக்கை விசுவாசிகளுக்கே ஒப்புவிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1287-ஆம் எண் சொல்கிறது. பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் எண். அடக்கச் சடங்கில் ஆளுக்கொரு நீதி காட்டக்கூடாது, ஏழைகளுக்கும் தகுதியான அடக்கச் சடங்கு நடக்க வேண்டும் என்பது 1181-ஆம் எண். இவையெல்லாம் ஏற்கெனவே உங்கள் உரிமைகள். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை நிதிக்குழு எழுத உட்காரும்போது, ஊழியர் ஊதியத்தை முதல் வரியிலும், ஏழைகளுக்கான தொகையை வரவில் இத்தனை விழுக்காடு என்று நிர்ணயித்து இரண்டாவது வரியிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். விழாச் செலவு அதற்குப் பிறகு வரட்டும். கணக்கு வாசிக்கும்போது தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.