மணிக்கூண்டுல எண்ணிக்கை இருக்கு, பேரு எங்கே?
(வேலூர் கொடிநாள் கூட்டத்துல பேசினது, கொஞ்சம் திருத்தி எழுதினது)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குற முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் சுபேதார் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவுல வந்து மேடையில உட்கார்ந்திருக்கிற மாநகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, லாங் பஜார் வியாபாரிங்க சங்கத்து அண்ணன்மார்களே (மைக் செட்டும் டீயும் அவங்க உபயம், அதனால கைய கொஞ்சம் கூடுதலாவே தட்டலாம்), முன்வரிசையில இருக்கிற வீரர்களோட மனைவிமார்களே, தாய்மார்களே, அப்புறம் கம்மவான்பேட்டையிலருந்து வேன் பிடிச்சு வந்திருக்கிற பெரியவங்களே! கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னுதானே ஊரே சொல்லுது, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊரு. யார் பேராவது விட்டுப்போயிருந்தா பொறுத்துக்கணும். பேரு விட்டுப்போறதப் பத்தித்தான் இன்னிக்கு என் பேச்சே.

மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு நம்ம மணிக்கூண்டோட கதை, ரெண்டு அதுல இருக்கிற கல்வெட்டு எப்படி அமைஞ்சிருக்குங்கிறது, மூணு 1806 சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்கிறது. டைம் பதினஞ்சு நிமிஷம்னு சீட்டு குடுத்திருக்காங்க, பாப்போம்.

வேலூரப் பத்தி வெளியூர்க்காரன் கிண்டலா ஒரு பேச்சு சொல்லுவான், உங்க எல்லாருக்கும் தெரியும். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்! இன்னும் ரெண்டு மூணு இருக்கு, தாய்மார்கள் இருக்கிற சபையில அது வேணாம். நான் என்ன சொல்றேன்னா, அந்த லிஸ்ட்ல இன்னொண்ணையும் சேர்த்துக்கோங்க: பேரில்லாத கல்வெட்டு.

லாங் பஜார் மணிக்கூண்டத் தாண்டாத வேலூர்க்காரர் யாராவது இருக்கோமா? காய் வாங்க நேதாஜி மார்க்கெட் போறப்ப, மூட்டை வண்டிக்கு ஒதுங்கி நிக்கிறப்ப, நிமிர்ந்து மணி என்னன்னு பார்ப்போம், போயிடுவோம். உள்ள இங்கிலீஷ்ல ஒரு கல்வெட்டு இருக்கு. 1914லருந்து 1918 வரைக்கும் நடந்த பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப்போருக்கு, வேலூர்லருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரக் குடுத்தாங்க. அவ்ளோதான் விஷயம், முடிஞ்சது. இதே மாதிரி வாசகத்துல, எண்ணிக்கைய மட்டும் மாத்தி மாத்தி, இந்தியா பூரா எத்தனையோ ஊர்ல வெள்ளைக்காரன் கல்லு வச்சிருக்கான். ஃபாரத்துல காலியிடம் நிரப்புற மாதிரி, இந்த ஊர்லருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் செத்தாங்க. அமைப்பப் பத்திப் பேசுறேன்னு சொன்னேன்ல, அமைப்பே இதான்.

அந்த 14 பேர் யாரு? எங்க செத்தாங்க? மெசபடோமியாவா (இன்னிக்கு ஈராக்), கிழக்கு ஆப்பிரிக்காவா, பிரான்ஸா? மதராஸ்காரங்க அங்கெல்லாம் போயிருக்காங்க. கல்லுல ஒண்ணும் இல்ல.

இப்ப ஒரு கதை சொல்றேன், பசங்க கொஞ்சம் நல்லா கேளுங்க. நம்ம பழைய வடஆற்காடு மாவட்டத்துலயே செங்கம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல்லு, 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். சண்டைன்னா பெரிய ராஜா சண்டையெல்லாம் இல்ல, எருமை சண்டை! எருமைய ஓட்டிக்கினு போக கள்ளனுங்க வந்துட்டானுங்க. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன், தன் எருமைய விடமாட்டேன்னு எதிர்த்து நின்னான், அங்கேயே விழுந்தான். சரி, வீரன், அவனுக்குக் கல்லு வச்சாங்க, நியாயம். ஆனா அவன்கூட ஒரு நாய் இருந்துச்சு. அவன் விழுந்தப்புறமும் அது ஓடல. கள்ளனக் கடிச்சு, காவல் காத்து நின்னுச்சு. ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க? நாய்தானேன்னு விட்டாங்களா? வீரனோட அதே கல்லுல அந்த நாயையும் செதுக்கி, அது என்ன பண்ணுச்சுன்னும் எழுதி, சும்மா 'ஒரு நாய்'னு எழுதாம, 'கோவிவன் என்னும் நாய்'னு பேரோட எழுதினாங்க! (கைதட்டல்) தட்டுங்க, கோவிவனுக்காக நல்லா தட்டுங்க. 1,300 வருஷம் தாண்டியும் அந்த நாய் பேரு நமக்குத் தெரியுது. அதே மாவட்டத்துல, நூறு வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டிப் போய் செத்த 14 மனுஷங்க பேரு கல்லுல இல்ல. எருமை காத்த நாய்க்கு இருக்கிற மரியாதை பட்டாளத்துக்காரனுக்கு இல்லையா சார்?

அகநானூறுல நடுகல்லப் பத்திச் சொல்றப்ப 'பெயரும் பீடும் எழுதி'ன்னு வருது. முதல்ல பெயர், அப்புறம்தான் பீடு, அதாவது பெருமை. இதான் தமிழன் வச்ச வரிசை.

வெள்ளைக்காரனுக்கும் இது தெரியாம இல்ல. நம்ம நந்தம்பாக்கத்துல மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கே, போய்ப் பாருங்க. ஜெனரலா இருந்தாலும் சிப்பாயா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவு கல்லு, பேரு, நம்பர், ரெஜிமென்ட், தேதி. அது, போர்ல செத்த பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களோட கல்லறைகளப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட கொள்கை. ஆனா ஈராக்ல, முதல் உலகப்போர்ல செத்தவங்களுக்கு வச்ச பாஸ்ரா நினைவுச் சின்னத்துல என்ன பண்ணான்? இந்திய ஆபிசருங்க பேர எழுதினான், சாதா சிப்பாய்ங்கள ரெஜிமென்ட்டுக்கு இத்தனை பேர்னு எண்ணிக்கையோட விட்டுட்டான். 2021ல அந்த ஆணையமே அறிக்கை போட்டு, ஆசியா ஆப்பிரிக்காக்காரங்களுக்கு சமமா செய்யலன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. அவனே கேட்டுட்டான், நாம இன்னும் சும்மா நிமிர்ந்து மணி பாத்துட்டுப் போறோம்.

1806 பத்திச் சொல்றேன்னேன். ஜூலை 10, புதுத் தலைப்பாகை, காதுல கடுக்கன் கூடாது, நெத்தியில விபூதி நாமம் கூடாதுன்னு உத்தரவு, அத எதிர்த்து நம்ம கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தாங்க, பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. மக்கான் பக்கத்துல தூண் இருக்கு, வருஷா வருஷம் மாலை போடுறோம். அதுக்கும் மணிக்கூண்டுக்கும் உள்ள சம்பந்தம் தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய சமாச்சாரம், தலைவர் ஐயா வாட்ச்சப் பாக்குறாரு.

டெல்லி தேசியப் போர் நினைவிடத்தப் பாருங்க, 2019 பிப்ரவரி 25 திறந்தது. வட்ட வட்டமா சுவர், ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கிரானைட் கல்லு, பேரோட, 25 ஆயிரத்துக்கும் மேல. அத டிசைன் பண்ணது யாரு? நம்ம சென்னை கம்பெனி! யோகேஷ் சந்திரஹாசன்னு ஆர்க்கிடெக்ட். சென்னைக்காரர் டெல்லியில 25 ஆயிரம் பேருக்கு இடம் கண்டுபிடிச்சாரு, வேலூர்ல 14 பேருக்கு இடமில்லையா? (கைதட்டல்)

நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சாமியில்லாத கோயில்னு சொன்னாங்கல்ல? 1981ல சத்துவாச்சாரியிலருந்து ஜலகண்டேஸ்வரர எடுத்து வந்து கோட்டைக்குள்ள இருக்கிற கோயில்ல வச்சது யாரு? ஊரு ஒண்ணு சேர்ந்துச்சு, நடந்துச்சு, அந்தப் பழமொழியில ஒரு வரி செத்துப்போச்சு. 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு ஓடினப்ப இன்னொரு வரியும் கொஞ்ச நாள் செத்துச்சு, அது நம்ம கையில இல்ல. பேரில்லாத கல்வெட்டு நம்ம கையில இருக்கு.

அதனால நம்ம கோரிக்கை ரெண்டுதான். பழைய கல்வெட்டத் தொடவேணாம், அது வரலாறு. அதுக்குப் பக்கத்துலயே தமிழ்ல ஒரு கல்லு, 14 பேரோட பேரு, ரெஜிமென்ட், செத்த இடம். ரெண்டாவது, அந்த இடத்துல நின்னு படிக்கிற அளவுக்காவது சுத்தி கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடுக்கணும். மாநகராட்சி அம்மா இங்கேயே இருக்காங்க, தலையாட்டினத எல்லாரும் பாத்தீங்க.

பேர எங்க தேடுறதுன்னு கேப்பீங்க. அந்தக் கல்லறை ஆணையத்தோட பட்டியல் இன்டர்நெட்ல சும்மாவே கிடைக்குது, நிறைய பேருக்கு அப்பா பேரு, ஊரு, வட ஆற்காடுன்னு மாவட்டம் வரைக்கும் போட்டிருக்கான். காலேஜ் பசங்க நாலு பேர் உட்கார்ந்தா ஆரம்பிச்சுடலாம். வீட்டுல தாத்தாவோட பழைய டிஸ்சார்ஜ் பேப்பர், மெடல், போட்டோ எதாவது டிரங்க் பெட்டியில கிடந்தா எடுத்துட்டு வாங்க, ஒரிஜினல் யாருக்கும் குடுக்காதீங்க, செல்போன்ல போட்டோ எடுத்துக்குவோம், அது போதும். மனு பின்னாடி மேஜையில இருக்கு, கையெழுத்தோட பேரையும் தெளிவா எழுதுங்க. டீ அதுக்குப் பக்கத்து மேஜையில.