கடல் கணக்கும் இசட் புள்ளியும்

வணக்கம், அன்பான நேயர்களே.

பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். விடைத்தாள் திருத்தும் நிலையங்களிலும் பல விடுமுறைகளைக் கழித்திருக்கிறேன். அதனால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் அழைப்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சேர், எங்கட பிள்ளைக்கு மூன்று ஏ. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஏ, ஒரு பி. ஆனால் அந்தப் பிள்ளை மாவட்ட நிலையில முன்னுக்கு நிற்குது. எங்கேயோ பிழை நடந்திருக்குத்தானே?"

பிழை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். பேப்பரும் பேனையும் தேடி ஓட வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

முதலில் அந்த எழுத்துகளைப் பார்ப்போம். 75 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தால் ஏ. 65 முதல் 74 வரை பி. 55 முதல் 64 வரை சி. 35 முதல் 54 வரை எஸ். அதற்குக் கீழே எஃப். இது எல்லாருக்கும் தெரியும். பலர் யோசிக்காத விடயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. 75 எடுத்த பிள்ளைக்கும் ஏ, 98 எடுத்த பிள்ளைக்கும் அதே ஏ. 74 எடுத்த பிள்ளைக்கு பி. ஏயும் பியுமாகப் பிரிந்த 75க்கும் 74க்கும் இடையில் ஒரேயொரு புள்ளி. ஒரே ஏக்குள் இருக்கிற 75க்கும் 98க்கும் இடையில் 23 புள்ளி! பெறுபேற்றுத் தாளில் அந்தப் புள்ளி வராது, எழுத்து மட்டும்தான் வரும். ஆகவே எழுத்தைப் பார்த்து இரண்டு பிள்ளைகளை ஒப்பிடவே முடியாது. இதை நான் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். எழுத்தைப் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு எடுப்பது அந்த எழுத்தை அல்ல, இசட் புள்ளியை. அதை விளங்கப்படுத்த எனக்கு ஒருவர் சொல்லித்தந்த வழியொன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பறையில் நான் சொன்ன எந்த விளக்கமும் அதற்குக் கிட்ட வந்ததில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் சைக்கிளில் வந்தார். கடற்தொழில் செய்பவர். மகள் என்னிடம் படித்தவள். கையில் பெறுபேற்றுத் தாள், முகத்தில் பயம். மகளுக்கு இரண்டு ஏயும் இரசாயனவியலில் ஒரு பியும். அதே பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாக வேறொரு பாடம் எடுத்த தோழிக்கு மூன்று ஏ. ஆனால் மாவட்ட நிலையில் மகள்தான் முன்னுக்கு. அவர் முறையிட வரவில்லை, நேயர்களே. "சேர், இது கொம்பியூட்டர் பிழை போல கிடக்கு. நாளைக்குக் கண்டுபிடிச்சுப் பறிச்சுப் போடுவாங்களோ? பிள்ளை ஆசைப்பட முந்தி நானே எழுதிக் குடுக்கட்டோ?" என்று கேட்க வந்திருந்தார்.

நான் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, சராசரி என்றேன், நியம விலகல் என்றேன், வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு இப்படிக் கேட்டேன். "அண்ணை, நீங்கள் ஒரு நாள் இருபது கிலோ மீனோட கரைக்கு வாறீங்கள். அது நல்ல பாடோ, கெட்ட பாடோ?"

அவர் யோசிக்கவே இல்லை. "மற்ற வள்ளத்துக்கு எவ்வளவு பட்டது எண்டு தெரியாமல் எப்படிச் சேர் சொல்லுறது? எல்லாருக்கும் அஞ்சு கிலோ பட்ட நாளெண்டால் நான் ராசா. எல்லாருக்கும் நாப்பது பட்ட நாளெண்டால் எனக்கு வலை சரியில்லை."

இசட் புள்ளியின் முதல் பாதி அவ்வளவுதான். பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை அந்த வருடம் எழுதிய எல்லாரதும் சராசரியைக் கழிப்பது. இருபது கிலோவைத் தனியாகப் பார்க்காமல், அன்று மற்ற வள்ளங்களுக்குப் பட்டதோடு வைத்துப் பார்ப்பது.

மற்றப் பாதிதான் கடினமானது என்று நினைத்தேன். அதையும் அவரே சொன்னார். "சேர், சில நாள் எல்லா வள்ளத்துக்கும் ஒரே மாதிரிப் படும். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு. அண்டைக்கு ஒருத்தன் முப்பதோட வந்தால் கரை முழுக்க அவன் கதைதான். வேற நாள் ஒருத்தனுக்கு ரெண்டு கிலோ, ஒருத்தனுக்கு அறுபது. அண்டைக்கு முப்பதோட வந்தவனை ஆரும் திரும்பிப் பாக்க மாட்டினம்."

அந்தச் சிதறல்தான் நியம விலகல். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் பாடத்தில் கொஞ்சம் முன்னே போவதும் பெரிய விடயம். பரந்து கிடக்கும் பாடத்தில் அதே தூரம் பெரிதல்ல. அதனால்தான் கழித்து வந்ததை அந்த விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு, மூன்றின் சராசரியை எடுத்தால் அது பிள்ளையின் இசட் புள்ளி.

விளக்கத்துக்காக நானே போட்ட எண்களில் ஒரு உதாரணம். ஒரு பாடத்தில் சராசரி 40, விலகல் 15. அதில் 70 எடுத்த பிள்ளைக்கு பி. சராசரியைவிட 30 கூட, அதை 15ஆல் வகுத்தால் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 20. அதில் 75 எடுத்த பிள்ளைக்கு ஏ. 20 கூட, அதை 20ஆல் வகுத்தால் 1. பாருங்கள், பிக்கு 2, ஏக்கு 1. அந்த மகளின் பி கடினமான கடலில் பட்ட மீன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது எங்கட கடல் கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் எந்தப் பெற்றோருக்கும் சூத்திரம் எழுதிக் காட்டியதில்லை.

சரி, இன்னொரு பயம். சிலருடைய தாளில் இசட் புள்ளிக்கு முன்னால் கழித்தல் அடையாளம் இருக்கும். "சேர், மைனஸ் போட்டிருக்கு, பெயிலா?" என்று அழுத பிள்ளைகள் உண்டு. பெயில் இல்லை, பிள்ளைகளே. சராசரிப் பரீட்சார்த்தி நிற்கும் இடம் பூச்சியம். அதற்குக் கீழே நின்றால் கழித்தல் வரும், அவ்வளவுதான். மூன்று பாடத்திலும் சித்தியடைந்த பிள்ளைக்கும் கழித்தல் வரலாம். சித்தியைச் சொல்வது எழுத்து, நிற்கும் இடத்தைச் சொல்வது இசட் புள்ளி.

இந்த முறை 2001இல் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்தது. அதற்கு முன் பாடப் புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். கூட்டினால் என்ன நடக்கும்? இலகுவான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவன் முன்னுக்குப் போவான், கடினமான தாள் வந்த பாடத்தை எடுத்தவன் பின்னுக்கு நிற்பான். இரண்டு நாள் மீனை ஒரே தராசில் போடுவது போல.

இந்த இடத்தில் மூத்த நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இசட் புள்ளி என்றதும் உங்களில் பலருக்கு 1970களின் தரப்படுத்தல் நினைவுக்கு வரும். அந்தக் காயம் எனக்கும் தெரியும். எங்கள் தலைமுறையின் எத்தனையோ கதவுகளை மூடிய சொல் அது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அன்று பரீட்சை எழுதிய மொழியை வைத்துப் புள்ளிகளைச் சரிக்கட்டினார்கள். இசட் புள்ளிக்கு மொழி தெரியாது. ஒரு பாடத்தைச் சிங்களத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் எல்லாரும் ஒரே சராசரிக்குள்தான் வருகிறார்கள்.

மாவட்டம் வேறு விடயம். அது இசட் புள்ளி கண்ட பிறகு வருவது. பெரும்பாலான துறைகளில் அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா எல்லாம் அந்தப் பதினாறுக்குள் வரும். அதனால்தான் ஒரே துறைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி, மாறுகிறது. கலைப் பிரிவில் மட்டும் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படைதான்.

இந்தக் கணக்கும் பிழைத்த ஒரு வருடம் உண்டு. 2011இல் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள். வெவ்வேறு வினாத்தாள், வெவ்வேறு கூட்டம். ஆனால் இரண்டையும் கலந்து இசட் புள்ளி கண்டார்கள். இரண்டு கடலில் பட்ட மீனை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்தக் கரைக்கு அது பொருந்தும்? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதற்குள் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். என் மாணவர் சிலரும் அதில் இருந்தார்கள். சூத்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, யாரை யாரோடு சேர்த்து அளக்கிறோம் என்பதும் சரியாக இருக்க வேண்டும் என்று அன்று நாடு முழுவதற்கும் விளங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். விடைத்தாள் திருத்தும் அறைக்குள் உங்களைக் கூட்டிப்போவதாக நினைத்திருந்தேன். அதை மிகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் பெயர் எங்களுக்குத் தெரியாது, சுட்டெண் மட்டும்தான் தெரியும். புள்ளித் திட்டத்தை முதலில் வரிவரியாக இருந்து பேசி முடித்த பிறகுதான் சிவப்புப் பேனையைத் திறப்போம். விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஆகவே பிள்ளைகளே, தெரிந்த அளவுக்காவது எழுதுங்கள், வெறும் தாளைக் கொடுக்காதீர்கள். வெறும் தாளுக்கு நாங்கள் எதைப் போடுவது?

மீள்பரிசீலனை பற்றி ஒரே வசனம். பெறுபேறு உண்மையாகவே எதிர்பாராததாக இருந்தால் பரீட்சைத் திணைக்களம் சொல்லும் திகதிக்குள் விண்ணப்பியுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எழுத்தைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். வெட்டுப்புள்ளி பெறுபேறோடு வராது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிறகுதான் வெளியிடும். அதுவரைக்கும் போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு இரவு நித்திரையைக் கெடுக்காதீர்கள், அது போன வருடக் கடல்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.